அம்முவை நமக்குக் காட்டுவது யார்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் வாசகர் வட்டத்தில் இந்த மாதம் அருந்ததி ராயின் 'சின்ன விஷயங்களின் கடவுள்' நாவலை எடுத்துப் பேசினோம். பேச்சு சண்டையில் போய் முடிந்தது. பெற்ற பிள்ளைகளையே கழுத்தில் கட்டிய கல் என்று திட்டும் அம்மு என்ன தாய் என்று பாதிப் பேர், அவள் பட்ட பாட்டைப் பாருங்கள் என்று மீதிப் பேர். நாவல் யார் பக்கம் நிற்கிறது? – ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: அம்முவுக்கு நாவல் தீர்ப்பு எழுதவே இல்லை. அவளை நமக்குக் காட்டும் பொறுப்பை எஸ்தா, ராஹேல் என்ற ஏழு வயது இரட்டையரிடம் விட்டுவிடுகிறது. பிள்ளைகள் அம்மாவை நல்லவள், கெட்டவள் என்று பார்ப்பதில்லை, அவர்களுக்கு இருப்பது ஒரே அம்மா. அதனால் நாம் கொஞ்சம் உழைக்க வேண்டியிருக்கிறது. என் அனுபவத்தில் இதற்கு ஒரு வழி உண்டு. பிள்ளைகள் அம்மாவைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று தேடுவதை விட்டுவிட்டு, எதைச் சர்வசாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே போங்கள். அப்போதுதான் அந்த வீடு தெரிய ஆரம்பிக்கும்.

எஸ்தாவின் பள்ளிக்கூட நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ராஹேல் பெரியவளாகித் திரும்பி வந்து அதைக் கண்டெடுக்கும் இடம் அது. அட்டையில் குடும்பப் பெயர் எழுதியிருந்த இடத்தை எச்சில் தொட்டு அழித்திருக்கிறான், அழித்த வேகத்தில் தாளும் பாதி பிய்ந்திருக்கிறது, அதற்கு மேலேயே பென்சிலால் 'அன்-நோன்' (தெரியாது) என்று எழுதியிருக்கிறான். எஸ்தப்பன் அன்-நோன். அம்மு தன் புருஷன் பெயரை வைத்துக்கொள்வதா, அப்பா பெயருக்குத் திரும்புவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை, அதுவரைக்கும் பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இதில் எஸ்தாவுக்கு வருத்தமோ புகாரோ இருப்பதாக நாவல் ஒரு வரிகூடச் சொல்லவில்லை, அவன் பாட்டுக்கு எழுதிவிட்டுப் போகிறான். ஆனால் அந்த இரண்டு பெயர்களும் யாருடையவை? புருஷன் அஸ்ஸாமில் தேயிலைத் தோட்டத்து உதவி மேலாளர், பெருங்குடிகாரன், வேலையைக் காப்பாற்றிக்கொள்ள மனைவியை வெள்ளைக்கார மேலாளரின் பங்களாவுக்கு அனுப்பலாம் என்று யோசித்தவன். அப்பா பப்பாச்சியோ ராத்திரிதோறும் பித்தளைப் பூச்சாடியால் மனைவியை அடித்தவர். இந்த இரண்டில் எதைப் பிள்ளைகளின் தலையில் எழுதுவாள் ஒருத்தி? அம்மு தன் வாய்திறந்து இதைச் சொல்லிப் புலம்பியிருந்தால் நான் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போயிருப்பேன். பையன் எச்சில் தொட்டு அழித்த இடத்தைத் தாண்டிப் போக முடியவில்லை.

அப்புறம் கொச்சி விமான நிலையக் காட்சி. அம்முவின் அண்ணன் சாக்கோவின் முன்னாள் மனைவியும் மகள் சோஃபி மோளும் இங்கிலாந்திலிருந்து வந்து இறங்குகிறார்கள். இரட்டையருக்குப் புது உடுப்பு மாட்டி, என்ன பேச வேண்டும், எப்படிக் கை கொடுக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லிக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். அங்கே போனதும் எஸ்தா வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான், ராஹேல் அழுக்குத் திரைச்சீலையைச் சுற்றிக்கொண்டு வெளியே வர மறுக்கிறாள். அம்முவுக்கு வரும் கோபம் இருக்கிறதே, அது பிள்ளைகள் செய்த தப்பின் அளவைவிட எத்தனையோ மடங்கு பெரியது. விருந்தாளிகளுக்கு முன்னால் சிரித்துக்கொண்டே தொடையில் கிள்ளும் அம்மாக்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம், அந்தக் கோபம்தான் இது. ஆனால் அம்முவுக்கு அதற்கு மேலும் ஒரு காரணம் இருக்கிறது. விவாகரத்து வாங்கிப் பிறந்த வீட்டுக்கு வந்தவள் அவள். கல்யாணமான மகளுக்கே பிறந்த வீட்டில் இடமில்லை, புருஷனை விட்டு வந்தவளுக்கு ஏது இடம் என்று நினைக்கும் அத்தை பேபி கொச்சம்மா பக்கத்திலேயே நிற்கிறாள். அப்படிப்பட்ட வீட்டில் பிள்ளைகளின் மரியாதை ஒன்றுதான் அம்மு தனக்காகக் காட்டக்கூடிய சான்றிதழ். அதையும் பிள்ளைகள் எல்லோர் கண்ணெதிரே கிழித்துப் போட்டுவிட்டார்கள்.

'ஏன் இடமில்லை, அவளும் அந்த வீட்டுப் பெண்தானே' என்று உங்கள் வட்டத்தில் யாராவது கேட்டிருப்பார்கள். கதை நடப்பது 1969 டிசம்பர், கோட்டயத்துக்குப் பக்கத்தில் அய்மனம், சிரியன் கிறிஸ்தவக் குடும்பம். அந்தச் சமூகத்தில் அன்று சொத்துப் பிரித்தது 1916ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டப்படி. உயில் எழுதாமல் அப்பா இறந்தால் மகனுடைய பங்கில் கால் பங்கு அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான் மகளுக்கு. அந்தச் சட்டம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1986இல். வழக்குப் போட்டவர் மேரி ராய், அருந்ததி ராயின் அம்மா. நாவலில் சாக்கோவுக்கு இணையாக அம்முவும் ஊறுகாய்த் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள், ஆனால் அவன் 'என் தொழிற்சாலை' என்றுதான் பேசுகிறான். கால் வைத்திருக்கும் இடம் தன்னுடையது இல்லை என்று தெரிந்த ஒருத்தியின் பதற்றம் பிள்ளைகள் மேல் எப்படி இறங்குகிறது என்பதை இந்த விஷயம் தெரிந்து படித்தால் நன்றாகவே பார்க்கலாம்.

நான் அடிக்கடி எடுத்துப் படிப்பது, விமான நிலையத்துக்குப் போவதற்கு முந்தின நாள் அபிலாஷ் டாக்கீஸில் நடப்பதை. அம்மு ஒரு ஆளைப் பாராட்டிப் பேச, ராஹேல் வெடுக்கென்று, அப்படியானால் அவனையே கல்யாணம் செய்துகொள்ளேன் என்று சொல்லிவிடுகிறாள். அம்மு அடிக்கவில்லை, கத்தவும் இல்லை. மற்றவர்களைப் புண்படுத்தினால் அவர்கள் உன்னைக் கொஞ்சம் குறைவாக நேசிக்க ஆரம்பிப்பார்கள் என்று நிதானமாகச் சொல்கிறாள். அவ்வளவுதான். ராஹேலின் நெஞ்சில் சில்லென்று ஒரு அந்துப்பூச்சி வந்து உட்காருகிறது. அன்று ராத்திரி அவள் அம்மாவிடம் போய், தண்டனையாக நான் சாப்பிடாமல் இருக்கட்டுமா என்று கேட்கிறாள். ஒரு வேளை பட்டினி என்றால் பட்டினியோடு கணக்கு முடிந்தது. அன்பு குறைந்துவிட்டது என்றால் எவ்வளவு குறைந்தது, எப்போது திரும்ப ஏறும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் குழந்தை பேரம் பேசுகிறது. உன் இஷ்டம் என்கிறாள் அம்மு.

அந்தப் பூச்சி ராஹேலுக்குச் சொந்தமானது இல்லை. பூச்சியியலாளரான தாத்தா பப்பாச்சி கண்டுபிடித்த பூச்சி அது, அதற்கு அவர் பெயர் கிடைக்காமல் போன ஆத்திரம் வாழ்நாள் முழுக்க அவரை அரித்தது. அந்த ஆத்திரத்தில் அவர் செய்ததை ஒன்பது வயது அம்மு அனுபவித்திருக்கிறாள். ஒருநாள் இரவு அவளைச் சாட்டையால் அடித்தபிறகு, அவள் ஆசையாக வைத்திருந்த புது ரப்பர் பூட்ஸைக் கத்தரிக்கோலை எடுத்து நிதானமாக, துண்டு துண்டாக வெட்டிப் போட்டார் அவர். அப்படி வளர்ந்த அம்மு தன் பிள்ளைகளிடம் அப்படி இருக்கவில்லை. அவர்களுக்கு அம்மாவும் அவளே, பாபாவும் அவளே, இரண்டு மடங்கு நேசித்தவள். ஆனாலும் அந்தப் பூச்சி அவளைத் தாண்டிப் பேத்தியிடம் வந்துவிட்டது. பப்பாச்சி செத்துப் போயும் அந்த வீட்டில் இருந்தார் என்பதற்கு ராஹேல் கேட்ட அந்த ஒரு கேள்விதான் சாட்சி.

இதையெல்லாம் படித்துவிட்டு நீங்கள் சொன்ன அந்தக் 'கழுத்தில் கட்டிய கல்' இடத்துக்கு வாருங்கள். சாதி மீறிய அவளுடைய காதல் வீட்டுக்குத் தெரிந்ததும், ஏமாற்றி ஓர் அறைக்குள் தள்ளி அம்முவைப் பூட்டியிருக்கிறார்கள். பிள்ளைகள் கதவுக்கு வெளியே நின்று ஏன் பூட்டியிருக்கிறார்கள் என்று கேட்கிறார்கள். அந்த நேரத்தில் அவள் கையெட்டும் தூரத்தில் இருப்பது அவர்கள் மட்டும்தான், பூட்டியவர்கள் எட்டாத இடத்தில் இருக்கிறார்கள். அவள் கத்துகிறாள். பெரியவர்களாக இருந்தால் அது வலியில் வந்த வார்த்தை என்று விட்டுவிடுவார்கள். ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு அம்மா சொன்னால் சொன்னதுதான், வீட்டை விட்டுக் கிளம்பிவிடுகிறார்கள், அதன் பிறகு ஆற்றில் சோஃபி மோள் மூழ்கி இறப்பது உங்களுக்கே தெரியும். என் கருத்தைக் கேட்டால், அம்மு நல்ல தாயா கெட்ட தாயா என்பது பேபி கொச்சம்மா கேட்கும் கேள்வி. நாவல் கேட்கும் கேள்வி வேறு: அந்த அறையை யார் பூட்டினார்கள்? உங்கள் வட்டத்தின் அடுத்த கூட்டத்தில் அதைப் பேசுங்கள்.

கேள்வி: இதே நாவலைப் பற்றித்தான். ஏழு வயதுப் பிள்ளைகள் இவ்வளவு கவனிப்பார்களா? அது எழுத்தாளர் பேசுவது போல இல்லையா? – ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: மொழி எழுத்தாளருடையதுதான், அதில் சந்தேகமே வேண்டாம். நினைத்துப் பார்ப்பது 31 வயதில் ஊர் திரும்பும் ராஹேல், அம்மு செத்த வயது அதுதான். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு அன்று எது தெரியாதோ அது தெரியாமலேயே இருக்கும்படி ராய் பார்த்துக்கொள்கிறார். அம்மு சில நாட்களில் டிரான்சிஸ்டரை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய்விடுவாள். அவளுக்குப் பிடித்த பாட்டுகள் ரேடியோவில் வரும் நாட்களில் வீட்டில் எல்லோரும் அவளிடம் கொஞ்சம் எட்டியே நிற்பார்கள். அந்த நேரத்தில் அம்மாவிடம் எதுவும் கேட்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குப் புரியும், ஏன் என்று புரியாது. இருபத்தேழு வயதுப் பெண்ணுக்கு இனி வாழ்க்கையில் ஒன்றும் நடக்காது என்று ஊர் முடிவு கட்டியதுதான் காரணம் என்று நமக்குப் புரிகிறது. நிஜப் பிள்ளைகளும் இப்படித்தான். அப்பா செருப்பைக் கழற்றும் சத்தத்திலிருந்தே இன்றைக்கு மார்க் ஷீட்டை நீட்டலாமா கூடாதா என்று தெரிந்துகொள்ளாத பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது? அலுவலகத்தில் அவருக்கு என்ன நடந்தது என்று அதற்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதினால்தான் பொய் ஆகிவிடும், பெரிய மனுஷத்தனமாகப் பேசும் சினிமாக் குழந்தைகள் எனக்கு ஒட்டாமல் போவதும் அதனால்தான்.

கேள்வி: ஆங்கிலம் அவ்வளவாக வராது. தமிழில் படித்தால் போதுமா? – ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: தாராளமாக. ஜி. குப்புசாமி மொழிபெயர்த்து காலச்சுவடு வெளியிட்டிருக்கிறது. முதல் அத்தியாயத்தில் காலம் முன்னும் பின்னும் போய்வருவது குழப்பும், பொறுத்துக்கொண்டு போங்கள்.

கேள்வி: குடும்ப நாவல் என்றாலே பிள்ளைகள் பெற்றோர்மீது குற்றப்பத்திரிகை வாசிக்கிறார்கள். அன்போடு காட்டும் நாவலே இல்லையா? – ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், திருச்சி

பதில்: ஐயா, இருக்கிறது. விபூதிபூஷண் பந்தோபாத்யாயவின் 'பதேர் பாஞ்சாலி', 1929இல் புத்தகமாக வந்த வங்க நாவல். சத்யஜித் ராயின் 1955 படத்தை மட்டும் பார்த்தவர்கள் நாவலையும் அவசியம் படிக்க வேண்டும், படத்தில் இல்லாத ஒரு விஷயத்தைச் சொல்கிறேன், கேளுங்கள்.

அப்பா ஹரிஹரன் ஏழைப் புரோகிதர். வீட்டுக் கூரை ஒழுகுகிறது, அவரோ நல்ல காலம் வரும், பாட்டும் கதையும் எழுதிப் பெயர் வாங்குவேன் என்று நம்பிக்கொண்டிருக்கிறார். வீட்டில் ஒரு பெட்டி நிறைய அவருடைய பழைய புத்தகங்கள். மகன் அப்பு ஒருநாள் அதைக் குடைந்து பார்க்கிறான். கழுகு முட்டைக்குள் பாதரசம் ஊற்றி வெயிலில் வைத்து, பிறகு வாயில் அடக்கிக்கொண்டால் வானத்தில் பறக்கலாம் என்று ஒரு புத்தகத்தில் போட்டிருக்கிறது. புத்தகத்தில் இருந்தால் அது உண்மையாகத்தானே இருக்க வேண்டும்! மாடு மேய்க்கும் பையனிடம் காசு கொடுத்து முட்டை வாங்கிக் கொண்டுவந்து ஒளித்து வைக்கிறான். அக்கா துர்கா எதையோ தேடப் போய் அது கீழே விழுந்து உடைந்துவிடுகிறது, பையன் அழுது தீர்க்கிறான்.

ஹரிஹரன் கனவு காண்பவர் என்று ஆசிரியர் பத்துப் பக்கம் எழுதினாலும் இந்த ஒரு முட்டைக்கு ஈடாகாது. எழுதி வைத்ததை அப்படியே நம்புவதும், இன்றைய கஷ்டம் நாளைக்கு ஏதோ ஒரு மாயத்தால் தீர்ந்துவிடும் என்று காத்திருப்பதும் அப்பாவிடமிருந்து வந்தவை. அந்தக் கனவால் வீடு பட்டினி கிடந்தது உண்மை, சர்வஜயா அதற்காகப் புருஷனைத் திட்டுவதும் நியாயம். அதே கனவுதான் அப்புவை அப்புவாக ஆக்குகிறது என்பதும் உண்மை. விபூதிபூஷண் இதில் எதையும் மறைக்கவில்லை, ஆனால் ஹரிஹரன்மீது நமக்குக் கோபம் நிற்காத மாதிரி எழுதியிருக்கிறார்.

துர்கா அம்மாவின் பிள்ளை. அடுத்தவர் தோப்பில் பழம் பொறுக்கிவந்து வீட்டில் அடி வாங்குபவள். வீட்டில் இல்லாததைத்தான் அவள் வெளியே தேடினாள், அந்த இல்லாமையை ஊர் பார்த்துவிடக் கூடாது என்றுதான் அம்மா அடித்தாள். பக்கத்து வீட்டில் ஒரு சின்னத் தங்கக் குங்குமச் செப்பு காணாமல் போய்ப் பழி துர்கா மேல் விழுந்து அடியும் வாங்குகிறாள். அவள் காய்ச்சலில் இறந்த பிறகு, குடும்பம் ஊரைக் காலி செய்து காசிக்குக் கிளம்பும்போது, பானைக்குள் அந்தச் செப்பு அப்புவின் கையில் கிடைக்கிறது. அவன் அதை மூங்கில் காட்டுக்குள் வீசிவிடுகிறான். யாரிடமும் சொல்வதில்லை, அம்மாவிடமும்கூட. குடும்ப மானம் என்று சர்வஜயா ஓயாமல் பாடுபட்டுக் காப்பாற்றியதைச் சின்னப் பையன் ஒருவன் எவ்வளவு ஆழமாக உள்வாங்கியிருக்கிறான் என்று எனக்கு அந்த இடத்தில்தான் புரிந்தது. அம்மாவைப் பற்றி அதைவிட மரியாதையாக ஒரு பிள்ளை என்ன சொல்லிவிட முடியும்?

கேள்வி: முதல் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். அப்பா மிகக் கண்டிப்பானவர். அவர் திட்டும் காட்சிகள் நிறைய வைத்திருக்கிறேன், ஆனாலும் படித்தவர்கள் சப்பென்று இருக்கிறது என்கிறார்கள். என்ன செய்யலாம்? – ஒரு வாசகி, மதுரை

பதில்: அப்பாவைக் கொஞ்ச நேரம் வீட்டை விட்டு வெளியே அனுப்புங்கள். அவர் இல்லாதபோது பிள்ளை என்ன செய்கிறது என்று எழுதிப் பாருங்கள். டி.வி. சத்தத்தைக் குறைத்துத்தான் வைக்கிறதா? ஃபேனுக்கு நேராக இருக்கும் நாற்காலியில் யாரும் உட்காராமல் அது காலியாகவே கிடக்கிறதா? திட்டு இல்லாமலே அப்பா அங்கே வந்துவிடுவார்.

இதைப் பிரமாதமாகச் செய்த நாவல் அனிதா தேசாயின் 'ஃபாஸ்டிங், ஃபீஸ்டிங்', 1999இல் வந்தது. ஒரு சிறு நகரத்து வக்கீல் குடும்பம். இரண்டாவது பிரசவத்துக்கு முன்பே பையன்தான் என்று அருண் என்ற பெயரை முடிவு செய்துவிட்டார்கள், பிறந்தது பெண், சலிப்போடு அருணா என்று மாற்றி வைத்தார்கள். பல வருஷம் கழித்து நிஜமாகவே பையன் பிறந்ததும், எப்போதும் விறைப்பாகவே இருக்கும் அப்பா கூடத்தில் நாற்காலிகளை ஒவ்வொன்றாகத் தாண்டிக் குதிக்கிறார். மூத்தவள் உமா அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். தான் பிறந்தபோது எத்தனை நாற்காலியைத் தாண்டினார் என்று அவள் கேட்பதில்லை, ஆசிரியரும் கேட்பதில்லை, நாம்தான் கேட்டுக்கொள்கிறோம். தம்பியைப் பார்த்துக்கொள்ள உமாவின் பள்ளிக்கூடத்தை நிறுத்துகிறார்கள். அதற்கப்புறம் அந்த வீட்டில் டெலிபோனுக்குப் பூட்டு, சாவி அப்பாவிடம். அம்மா ஆரஞ்சை உரித்து, நாரெடுத்து, கொட்டையெடுத்து அப்பாவுக்குச் சுளை சுளையாகக் கொடுக்கிறாள், கை கழுவக் கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவர வேண்டியது நடுத்தர வயதைத் தொட்டுவிட்ட உமா.

இதில் நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது மகன் அருணை. கொண்டாடப்பட்ட பிள்ளை அல்லவா, அவனாவது சந்தோஷமாக இருக்கிறானா? டியூஷன், அது முடிந்ததும் இன்னொரு டியூஷன், விளையாட நேரமே கிடையாது. முன்னேற்றம் என்றால் இறைச்சியும் கிரிக்கெட்டும் என்று அப்பா நம்புகிறார், பையனோ இறைச்சியைத் தொட மாட்டேன் என்கிறான், அது ஒன்றுதான் அவன் வாழ்நாளில் சொன்ன 'மாட்டேன்'. அமெரிக்காவில் படிக்க இடம் கிடைத்த கடிதத்தை அவன் படிக்கும்போது உமா அவன் முகத்தையே பார்க்கிறாள், சந்தோஷமோ நிம்மதியோ ஏதாவது தெரிகிறதா என்று. ஒன்றுமே இல்லை. மகனுக்கு எல்லாம் கொடுத்தோம் என்று நம்பும் அப்பாவை அந்த வெறும் முகத்தில் முழுதாகப் பார்த்துவிடலாம். மாசசூசெட்ஸில் அவன் தங்கும் வீட்டில் மெலனி என்று ஒரு பெண், தின்பதும் வாந்தி எடுப்பதுமாக இருக்கிறாள், குளிர்சாதனப் பெட்டியை நிரப்பி வைப்பதே தன் கடமை என்றிருக்கும் அவள் அம்மாவுக்கு அது கண்ணில் படவே இல்லை. அருண் அவள் முகத்தில் தன் அக்காவைக் காண்கிறான். அப்பா பல்லாயிரம் மைல் தள்ளி இருக்கிறார், ஆனாலும் அந்தப் பக்கங்களில் அவர் இல்லாத இடம் இல்லை.

உங்கள் பிரதியில் அப்பா பேசும் வசனம் எல்லாவற்றையும் ஒரு தடவை அடித்துவிட்டுப் படித்துப் பாருங்கள். பிள்ளைகள் நடந்துகொள்வதை மட்டும் வைத்து அவரைக் கண்டுபிடிக்க முடிகிறது என்றால் அந்த இடங்களை வைத்துக்கொள்ளுங்கள், மற்றதில் எந்த வசனம் நிஜமாகவே தேவை என்று அதற்குப் பிறகு முடிவு செய்யலாம். இன்னொன்று, அவருக்கும் ஒரு அப்பா இருந்திருப்பார் இல்லையா, அவர் யார் என்று நாவலில் எழுதாவிட்டாலும் உங்களுக்காவது தெரிந்திருக்கட்டும். திருத்தி முடித்ததும் முதல் இரண்டு அத்தியாயங்களை அனுப்புங்கள், படித்துவிட்டு எழுதுகிறேன்.